இரண்டு சான்றிதழ் இருக்கிறது, வேலை எங்கே?

அனந்தபுரம், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பார்வையற்ற தலித் இளைஞர்கள் கையில் இரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன. ஒன்று சாதிச் சான்றிதழ். இன்னொன்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. "உனக்கென்னப்பா, ரெண்டு கோட்டா இருக்கு" என்று ஊரில் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், பட்டம் வாங்கியவர்களும், பி.எட். படித்தவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதற்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் வைத்திருக்கும் பதில் 'வேலை தேடும் திறன் பயிற்சி'. பயோடேட்டா தயாரிப்பது, காலிப் பணியிடங்களைத் தேடுவது, விண்ணப்பம் போடுவது, நேர்காணலில் பேசுவது ஆகியவற்றைச் சில நாட்களோ சில வாரங்களோ சொல்லிக்கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் "அதெல்லாம் என்.ஜி.ஓ. சமாச்சாரம்" என்று கடந்துபோகும் தோழர்கள் உண்டு. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பார்வையற்ற தலித் இளைஞருக்கு வேலை தேடக் கற்றுக்கொடுப்பது இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின் ஒரு பகுதி. அதை நாம் கையில் எடுக்காவிட்டால், போராடி வாங்கிய ஒதுக்கீடு நம் பிள்ளைகளின் வாசலுக்கு வராமலே போய்விடும். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

வேலை எந்த வழியாக வருகிறது?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு ஜவுளிக்கடைக்கு, ஒரு தனியார் பள்ளிக்கு, ஒரு நிதி நிறுவனத்துக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள்? பெரும்பாலான வேலைகளுக்கு விளம்பரமே வராது. முதலாளியின் மச்சான் சொல்வார், கணக்குப்பிள்ளை சொல்வார், ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர் சொல்வார்: "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்." அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. காலனியில் பிறந்த பிள்ளைக்கு இந்த வழி பிறப்பிலேயே அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது வழி, பொதுவில் ஒட்டப்படுவது. கடைக் கண்ணாடியில் 'ஆட்கள் தேவை' என்று எழுதியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் இருக்கும். இப்போது வாட்ஸ்அப் குழுவில் படமாக வரும். பார்வை உள்ள தலித் இளைஞர்கள் இந்த வழியில்தான் முட்டிமோதி வேலை பிடிக்கிறார்கள். பார்வையற்றவருக்கு இதுவும் இல்லை. செல்போனில் இருக்கும் திரை வாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். படமாக வரும் நோட்டீஸைப் பெரும்பாலும் 'புகைப்படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும்.

ஆதிக்க சாதி வீட்டிலும் பார்வையற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் கஷ்டப்படுகிறார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சித்தப்பா இருப்பார். "இந்த மாசம் எக்ஸாம் அறிவிப்பு வருது, ஃபார்ம் போட்டுடு" என்று சொல்ல ஒரு மாமா இருப்பார். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தே பேசுவார்கள். பயிற்சி மையங்கள் 'திறன்' என்று பெயர் வைத்திருப்பது, சில வீடுகளில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது. நம் வீடுகளில் அதைப் பரிமாற யாரும் இல்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போனவர்களின் வீடு அது.

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் ஆனார். பெருமைக்குரிய சாதனை. தனக்குப் பெற்றோர் மணிக்கணக்காகப் புத்தகம் படித்துக் காட்டியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைப் படிக்கும் நீங்கள் ஒரு கணம் யோசியுங்கள். காலையில் கரும்பு வெட்டப் போய் இருட்டிய பிறகு திரும்பும் அம்மாவும் அப்பாவும் எதைப் படித்துக் காட்டுவார்கள், எந்த நேரத்தில்? 'அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா' என்று பேசும் ஊக்கப் பேச்சாளர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்தால் இது 2.45 சதவீதம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல், தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம். மாற்றுத்திறனாளிகளில் ஏதாவது ஒரு வேலை செய்பவர்கள் 36 சதவீதம் மட்டுமே. பெண்களில் 23 சதவீதம்.

பட்டியல் சாதியினரிடம் விகிதம் ஏன் கூடுகிறது? கர்ப்ப காலத்தில் சத்துணவு இல்லாதது, குழந்தைக்கு வைட்டமின் ஏ குறைவது, கண்ணில் அடிபட்டால் உடனே மருத்துவரிடம் போக முடியாதது, இவை எல்லாம் பார்வையைப் பறிக்கும் காரணங்கள். இவை யார் வீட்டில் அதிகம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் அந்தக் கணக்கெடுப்பின்போது பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் பட்டியல் சாதியினர். அதனால் இது நம் மாவட்டத்துப் பிரச்சினை. சென்னையில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட முடியாது.

சட்டம் கொடுத்தது, கைக்கு வராதது

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீதம் ஒதுக்கியது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும். ஆனால் 'இந்தப் பணி பார்வையற்றவருக்கு ஏற்றது என்று அடையாளம் காணப்படவில்லை' என்று சொல்லிச் சொல்லியே துறைகள் அந்த 1 சதவீதத்தைச் சுருக்கின. பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2013 அக்டோபர் 8 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது: அடையாளம் காணப்பட்ட பணியிடங்களை மட்டும் வைத்து ஒதுக்கீட்டைக் கணக்கிடக் கூடாது, மொத்தக் காலியிடங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், 2013 செப்டம்பரில், பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுச் சென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் போராடினார்கள். அவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் இறக்கிவிட்ட செய்தி அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது. நமக்குப் பழக்கமான போலீஸ்தான், நமக்குப் பழக்கமான நடத்தைதான்.

பிறகு 2016-இல் புதிய சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தில் ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது. பார்வையற்றோருக்கு அதே 1 சதவீதம். 2025 மார்ச் 3 அன்று, மெட்ராஸ் உயர்நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற ஆர். மகாதேவனும் ஜே.பி. பர்திவாலாவும் இருந்த அமர்வு, பார்வை இல்லை என்ற காரணத்துக்காக யாரையும் நீதிபதி பணிக்கு வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று சொன்னது. நீதிபதி நாற்காலி வரைக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் இடம். 1992 இந்திரா சஹானி தீர்ப்பு, சாதிவாரி ஒதுக்கீட்டைச் செங்குத்து என்றும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டைக் கிடைமட்டம் என்றும் பிரித்தது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வாகும் ஒருவர் பட்டியல் சாதி என்றால் பட்டியல் சாதிக் கணக்கிலும், பொதுப் பிரிவு என்றால் பொதுக் கணக்கிலும் சேர்த்துச் சரிசெய்வார்கள். பார்வையற்றோருக்கான அந்த 1 சதவீதத்துக்குள் தலித்துகள் எத்தனை பேர் வருவார்கள் என்பதை இந்த ஏற்பாடு உறுதிசெய்யவில்லை. யாருக்கு அறிவிப்பு முதலில் தெரிகிறதோ, யாரிடம் கம்ப்யூட்டரும் படித்துக்காட்ட ஆளும் இருக்கிறதோ, அவர்கள் பக்கமே இடங்கள் சாயும். நகரத்துச் சிறப்புப் பள்ளியில் படித்தவருக்கும் காலனியில் வளர்ந்தவருக்கும் ஒரே வரிசை.

இரண்டாவது இடம். 2016 சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, தகுதியானவர் கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்கு மாற்றலாம். அவர்களும் இல்லை என்றால் மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவரைக் கொண்டே நிரப்பிவிடலாம். நம் பிள்ளை விண்ணப்பம் போடாமல் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டும், 'ஆள் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுத வழி உண்டாகிறது.

விண்ணப்பம் ஏன் போடவில்லை? பல பேருக்குத் தங்களுக்கு வயது தாண்டவில்லை என்பதே தெரியாது. மத்திய அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிக்கு வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாற்றுத்திறனாளி என்றால் 15 ஆண்டு. 27 வயது வரம்பு உள்ள ஒரு பணிக்கு அவர் 42 வயது வரை போட்டியிடலாம். 35 வயதில் "எனக்கெல்லாம் வயசாயிடுச்சுங்க" என்று சொல்லும் ஒருவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்வதுகூட வேலை தேடும் பயிற்சிதான்.

இரண்டு கதவு, நடுவில் ஒரு ஆள்

மத்திய தொழிலாளர் அமைச்சகம் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் நடத்துகிறது. கிண்டியில் இருக்கும் பழைய தொழில்சார் மறுவாழ்வு மையம்தான் அது. அதே அமைச்சகம் சென்னையில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கென்று தனியாக இன்னொரு மையமும் நடத்துகிறது. மாநிலத்திலும் அப்படியே. தாட்கோ தலித் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தன் பங்குக்கு வேறு திட்டங்கள் வைத்திருக்கிறது.

இதில் பார்வையற்ற தலித் எந்தக் கதவைத் தட்டுவது? தலித்துகளுக்கான பயிற்சிக்குப் போனால் பாடம் கரும்பலகையிலும் ஸ்லைடிலும் நடக்கும், கம்ப்யூட்டரில் திரை வாசிப்பான் இருக்காது. பார்வையற்றோர் பயிற்சிக்குப் போனால் சாதியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நேர்காணலில் "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. நம் இளைஞருக்கோ முதல் கேள்வியே அதுதான்.

இந்தப் பிரிவினை நீதிமன்றத்திலும் தெரிந்தது. ஆந்திராவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவரின் வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றம் பட்டான் ஜமால் வலி தீர்ப்பைத் தந்தது. பாலினம், சாதி, ஊனம் மூன்றும் ஒரே ஆள் மீது சேர்ந்து இறங்கும்போது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும் உறுதியானது. ஆனால் அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. சாதி காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றார்கள். மூன்றும் சேர்ந்தே தாக்குகின்றன என்று புரிந்துகொண்ட நீதிமன்றத்தாலும் சட்டத்தின் தனித்தனிப் பெட்டிகளைத் தாண்ட முடியவில்லை. வேலைவாய்ப்புத் துறையின் பெட்டிகளும் இதே மாதிரிதான் செய்யப்பட்டிருக்கின்றன.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

அனந்தபுரம் காலனியில் பி.ஏ. தமிழ் முடித்த ஒரு பார்வையற்ற தங்கை குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கெங்கே தடுக்கி விழுவார் என்று வரிசையாகப் பார்த்தால், பயிற்சியின் பாடத்திட்டம் தானாகவே கிடைத்துவிடும்.

அறிவிப்பு பிடிஎஃப் ஆக வருகிறது. எழுத்தாக இருந்தால் திரை வாசிப்பான் படிக்கும். காகிதத்தை ஸ்கேன் செய்து போட்டிருந்தால் படிக்காது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைத் திறந்தால் திரை வாசிப்பான் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக உளறும். ஆக, முதல் பாடம் கம்ப்யூட்டர். என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அது. தமிழிலும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. பணம் இதற்குத் தடையில்லை. சொல்லித்தர ஆள் இல்லாததுதான் தடை.

விண்ணப்பத்தில் படத்தில் தெரியும் எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். ஓடிபி நேரம் முடிந்துவிடும். இரண்டு சான்றிதழிலும் இனிஷியல் வேறு வேறாக இருக்கும். வழக்கமாக இதை இ-சேவை மையத்தில் யாராவது நிரப்பித் தருவார்கள். அவர் சாதிப் பிரிவைச் சரியாகக் குறித்தாரா, மாற்றுத்திறனாளிப் பிரிவைக் குறித்தாரா என்று சரிபார்க்க இவரால் முடியாது. ஒரு பெட்டியில் டிக் விட்டுப்போனால் ஒரு சான்றிதழ் வீண். நிரப்பியதை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது, நகலைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்வது, இதெல்லாம் பழக வேண்டிய பழக்கங்கள்.

தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும். அது உரிமை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. வினாவை மறுபடி படிக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. அவர் அவசரப்படுத்தினால் நிறுத்தச் சொல்லத் தெரிய வேண்டும். வாழ்நாள் முழுக்க 'உதவி செய்யறவங்கள எதிர்த்துப் பேசாத' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இது எளிதல்ல. ஒத்திகை பார்த்தால்தான் வரும்.

வேறு வேலைகளுக்கு நேர்காணலும் உண்டு. தனியார் வேலை என்றால் இதுதான் முதல் கட்டமே. அதிகாரி நம் தங்கையைப் பார்த்துப் பேசாமல், கூட வந்த அண்ணனைப் பார்த்து "அவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்பார். பதிலை அவரே சொல்லப் பழக வேண்டும். "கண்ணு தெரியாம எப்படிம்மா வேலை செய்வ?" என்று கேட்டால் கண் கலங்காமல், தன் போனை எடுத்துத் திரை வாசிப்பானில் ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டத் தெரிய வேண்டும். தனக்கு என்ன ஏற்பாடு தேவை என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும்: இந்த மென்பொருள், முதல் வாரம் வழி காட்ட ஒருவர், சுற்றறிக்கை மின்னஞ்சலில். சட்டம் இதை நியாயமான வசதி என்கிறது. இது கருணை மனு இல்லை. அரசு நிறுவனம் இதைச் செய்து தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது.

வீட்டிலிருந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வெண்கோலோடு போய்வரும் பழக்கம் இல்லையென்றால் இத்தனையும் வீண். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமில்லை. டிக்கெட் செலவு இல்லை, நடமாட்டப் பயிற்சி தர ஆளும் இல்லை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் மிசிசிபி மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வையின்மை குறித்து ஓர் ஆய்வு மையம் நீண்டகாலமாக இயங்குகிறது. இளம் வயதிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் உள்ள பார்வையற்றோருக்குப் பின்னாளில் வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது அவர்களின் ஆய்வுகளில் கண்டது. நம் ஊரில் பார்வை உள்ள தலித் பையன் விடுமுறையில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறான், கடையில் நிற்கிறான். பார்வையற்ற பிள்ளையை 'பாவம்' என்று வீட்டில் உட்கார வைக்கிறோம். பெண் பிள்ளை என்றால் தெருவுக்கே அனுப்புவதில்லை. அவள் பாதுகாப்பு பற்றிய அம்மாவின் பயம் நியாயமானது. பட்டான் ஜமால் வலி வழக்கே அதற்குச் சாட்சி. அதனால்தான் அவள் தனியாகப் போக வேண்டியிராமல், கூட வரும் தோழிகளோடு பயிற்சி அவள் ஊருக்கே வர வேண்டும் என்கிறோம்.

இரண்டு எதிர்க் கேள்விகள்

"வேலையே இல்லாத நாட்டில் வேலை தேடும் பயிற்சி எதற்கு? முதலில் காலியிடத்தை நிரப்பச் சொல்லிப் போராடுவோம்" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. வேலை தராத அரசு, பயிற்சியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். வேலை கிடைக்காததற்குக் காரணம் உன் ஆங்கிலம், உன் தன்னம்பிக்கை என்று இளைஞர் தலையிலேயே பழியைப் போடும். அந்த மாதிரிப் பயிற்சியை நாங்கள் கேட்கவில்லை. பின்னடைவுக் காலியிடம் என்றால் என்ன, ரோஸ்டர் என்றால் என்ன, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதெல்லாம் பயோடேட்டாவோடு சேர்ந்த பாடமாக இருக்க வேண்டும். வேலை தேடத் தெரிந்தவருக்குத்தான் எந்த இடத்தில் தன்னை ஏமாற்றினார்கள் என்று தெரியும். 2013 வழக்கைப் போட்டவர்களே அப்படிப்பட்டவர்கள்தான்.

இன்னொரு கேள்வி: "ஊனத்தையும் சாதியையும் சேர்த்துக் குழப்பினால் நம் பிரச்சினை நீர்த்துப்போகாதா?" இரண்டையும் சேர்த்தது நாமல்ல. அந்தத் தங்கையின் வாழ்க்கையிலேயே சேர்ந்து கிடக்கின்றன. பார்வையற்றோர் சங்கத்தில் அவர் தலித்தாகப் பேச முடியாமலும், தலித் இயக்கத்தில் பார்வையற்றவராகப் பேச முடியாமலும் இருந்தால், இரண்டு இடத்திலும் பாதி ஆளாகவே இருப்பார். முழு ஆளாக அவரை வரவேற்பதால் எந்தப் போராட்டமும் நீர்த்துப்போகாது.

என்ன கேட்கிறோம்?

தாட்கோவும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் சேர்ந்து விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கூட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். சென்னைக்கு வா என்று சொல்லாமல் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் என்று வட்டம் தோறும் நடத்த வேண்டும். இடத்துக்குத் தேட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கின்றன. 2025-இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். ஒவ்வொரு விடுதியிலும் திரை வாசிப்பான் நிறுவிய இரண்டு கம்ப்யூட்டர் வைத்துப் பெயருக்கு ஏற்ற வேலையைத் தொடங்கட்டும். பயிற்றுநர்களில் பார்வையற்றவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் தலித்துகளும் இருக்க வேண்டும். பார்வையற்றோர் ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்களின் சாதிவாரிக் கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தனியார் நிறுவனங்களையும் விட்டுவிடக் கூடாது. 2016 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. தனியாரும் இதில் அடக்கம். திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் இயங்கும் தொழிற்சாலைகளிடமும் பெரிய கடைகளிடமும் 'உங்கள் கொள்கை எங்கே?' என்று எழுத்தில் கேட்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கும் தோழர்களே, இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

உங்கள் காலனியிலும் பக்கத்துக் காலனியிலும் பார்வையற்ற, குறைபார்வை உள்ள இளைஞர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். இரண்டு சான்றிதழும் இருக்கிறதா, பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவை அவர் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

வேலை அறிவிப்பைப் படமாக அனுப்பாதீர்கள். நான்கு வரி தட்டச்சு செய்து போடுங்கள், அல்லது குரல் பதிவாகப் படித்து அனுப்புங்கள். நம் கூட்ட அழைப்பிதழுக்கும் இதே விதி. வாரம் ஒரு மணி நேரம் போனில் பாடப் புத்தகம் படித்துக் காட்டுங்கள். தேர்வு நாளில் சொல்வதை எழுதுபவராகப் போகப் பெயர் கொடுங்கள். சொந்தமாக எழுதுபவரை அழைத்துப்போக அனுமதிக்கும் தேர்வுகளில், அவர் படிப்பு தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 நெறிமுறை சொன்னது. உங்களில் அரசு வேலையில் சேர்ந்த அண்ணன்களும் அக்காக்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒத்திகை நேர்காணல் நடத்துங்கள். கடினமான கேள்விகளைக் கேளுங்கள். இரக்கப்பட்டு எளிதான கேள்வி கேட்பது அவருக்கு உதவாது.

மற்ற வீடுகளில் சித்தப்பாவும் மாமாவும் செய்யும் வேலை இது. நம்மிடம் அந்தச் சொந்தம் இல்லை, அமைப்பு இருக்கிறது. கற்பி, ஒன்றுசேர், போராடு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முழங்குகிறோம். அடுத்த குரூப் 4 அறிவிப்பு வரும் நாளில், அனந்தபுரம் காலனியில் இருக்கும் அந்தத் தங்கைக்கு அந்தச் செய்தியை முதலில் சொல்வது யார் என்று இன்றைக்கே பெயர் குறித்து முடிவு செய்யுங்கள்.

ஜெய் பீம்!